பவர் இல்லாத கண்ணாடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் முழங்கால் சுகமா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது, மற்றதையெல்லாம் நீ எழுதாவிட்டாலும் நான் ஊகித்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தை நீ தங்கியிருக்கும் ஹோட்டலுக்கு அனுப்பாமல் உன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். போட்டியெல்லாம் முடிந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நான்கு மாடி ஏறி நீ கதவைத் திறக்கும்போது, உள்ளே மின்சார பில்லும் விளம்பரத் தாள்களும் மட்டும் கிடக்க வேண்டாம், உன்னை விசாரிக்க இது ஒன்றாவது கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஷூவைக் கழற்று, ஒரு டீ போட்டுக்கொள், உட்கார்ந்து படி. மேசை மேல் ஒரு தாள் வைத்திருப்பதாகவும் போனதும் அதில் கையெழுத்துப் போடப் போவதாகவும் சொன்னாயே, அந்தத் தாளை இதைப் படித்து முடிக்கும் வரை தொடாதே. இதையெல்லாம் ஃபோனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் நழுவிவிடுவேன். காகிதத்தில் நழுவ முடியவில்லை, ஏற்கெனவே மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று.

முதலில் இங்குள்ள சங்கதிகள். போன வாரம் அடித்த மழையில் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக் கூரை ஒழுகி, ஃபிரேம் அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரி மேல் சொட்டியது, வாளி வைத்துச் சமாளித்தேன். உன் அப்பாவின் லென்ஸ் அரைக்கும் மெஷினுக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, அவர் போய் ஆறு வருஷம் ஆகியும் அந்த மனுஷனுக்கு அதிர்ஷ்டம் குறையவில்லை. எதிர் சலூன்காரர் சுவர்க் கண்ணாடி அகலத்துக்கு ஒரு டி.வி. வாங்கி மாட்டியிருக்கிறார். அது வந்ததிலிருந்து இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் இரண்டு பக்கக் கிருதாவும் சமமாக இல்லை, கோல் விழும்போது யார் நாற்காலியில் இருந்தார்களோ அவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தையல்கார அக்கா இன்னும் தினமும் காலையில் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கோத்து வாங்கிப் போவாள். போவாள் என்று சொல்கிறேன், இந்த வாரம் வரவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கடிதம்.

உன்னை டி.வி.யில் நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன், கூட்டம் உன்னைச் சொல்வதெல்லாம் என் காதில் எதற்கு. ஆனால் அதிலும் ஒரு கஷ்டம். ஆட்டம் ஒழுங்காக நடந்தால் நீ ஒரு ஓரத்தில் நடுவரின் கறுப்புச் சட்டையோடு குறுக்கே ஓடுவாய், அவ்வளவுதான். முகத்தைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால் யாராவது உன் மேல் கோபப்பட வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு நடுவரின் பெயர் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது, அதுதான் நல்ல நடுவருக்கு அடையாளம் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அப்படியானால் நீ நன்றாக வேலை செய்கிற நாளில் எனக்கு உன் முகம் கிடையாது. பெற்றவள் நான் தனியாகச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, யாராவது யாரையாவது இடித்துத் தள்ளட்டும் என்று காத்திருக்கிறேன், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல. கால் இறுதியில் அந்த ஏழாம் நம்பர் பெண்ணுக்கு நீ மஞ்சள் அட்டை காட்டினாயே, அப்போது பன்னிரண்டு விநாடி காட்டினார்கள். எண்ணினேன். இளைத்துப் போயிருக்கிறாய். உதடு வெடித்திருக்கிறது, தண்ணீர் குடிப்பதில்லை போலிருக்கிறது. ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் சாப்பிடும் பக்கம் போகக் கூடாது, அவர்களோடு பேசக் கூடாது என்று சட்டம் இருக்கலாம், தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இருக்காது.

பத்தொன்பது வயதில் உன் முதல் ஆட்டம், அந்தப் பள்ளி மைதானம், அந்தச் சேறு. பெனால்டி கொடுத்தாய் என்று யாரோ ஒரு பெண்ணின் அப்பா, 'கண்ணு தெரியலையா'ன்னு கத்தினாரே. நீ அழவில்லை. நனைந்த சட்டையோடு நேராகக் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, 'செக் பண்ணும்மா'ன்னு சொன்னாய். ஒவ்வொரு கண்ணாக மூடி எண் பலகையின் கடைசி வரி வரை படித்தாய், ஒரு எண் தப்பவில்லை. உன் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தார். அதிலிருந்து ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் போவாய். இப்போது இருக்கிற ஊருக்கு நீ போன பிறகு பலகையையே தபாலில் அனுப்பினேன், உன் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு ஃபோனில் படித்துக் காட்டுகிறாய். மனப்பாடமாகத்தான் ஒப்பிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. இருந்தாலும் கேட்பேன், அந்த ஒரு நிமிஷம் நீ நாற்காலியில் இருக்கிற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகத் தெருவில் எல்லாரும் என்னைக் கேட்கிற ஒரே கேள்வி, உங்க பொண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுக்கக் கூடாதா என்பதுதான். ஏதோ தாங்களே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொருத்தரும் சிரிப்பார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி சிரித்து வைப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரை இறுதிக்கு நான்கு நாள் முன்பு நீ ஃபோன் செய்து குரலைத் தாழ்த்திச் சொன்னாய், இறுதி ஆட்டத்துக்கு மூன்று நடுவர்களின் பெயர்தான் பட்டியலில் இருக்கிறது, அதில் நீயும் ஒருத்தி என்று. அதோடு இன்னொன்றும் சொன்னாய். 'நம்ம டீம் ஜெயிச்சா என் பேரை எடுத்துடுவாங்கம்மா, சொந்த நாட்டு ஆட்டத்துக்கு ரெஃப்ரியா நிக்க முடியாது, யாருகிட்டயும் வாயத் தொறக்காத'ன்னு சொன்னாய். இந்த முழங்காலோடு உனக்கு இதுதான் கடைசி உலகப் போட்டி என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், நாம் இருவரும் அதைப் பேசவில்லை. ஃபோனை வைத்த நிமிஷத்திலிருந்து நான் நம் பெண்கள் தோற்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன். தெரு முழுக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள், பேக்கரியில் ரொட்டிப் பொட்டலத்தில் கூட நம் கேப்டன் படம் ஒட்டியிருக்கிறது, அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்தி. எங்கே போனாலும் அதே பேச்சு. ஜெயிப்போம்ல என்று கேட்பார்கள், ஜெயிப்போம் ஜெயிப்போம் என்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தோற்கட்டும் என்பேன். நீ ஆட்டக்காரர்களோடு பேசாமல், ஒரு பக்கமும் சேராமல் ஒரு மாதம் தனியாகச் சாப்பிடுகிறாயே, அது எப்படி இருக்கும் என்று அந்த நான்கு நாளில்தான் எனக்குப் புரிந்தது.

அரை இறுதி இங்கே மதியம் மூன்று மணிக்கு. நான் வீட்டிலேயே பார்த்திருக்க வேண்டும். தையல்கார அக்கா வந்து, 'உன் பொண்ணு இந்த லைன்ல இருக்கா, நீ தனியா உக்காந்து பாக்குறதா, வா'ன்னு கையைப் பிடித்து சலூனுக்கு இழுத்துப் போனாள். முப்பது பேர் இருப்பார்கள். எனக்கு மரியாதையாக நடு நாற்காலி, முடி வெட்டுகிற நாற்காலியில்தான், சலூன்காரரே காலால் மிதித்து உயர்த்திவிட்டார். ராணி மாதிரி எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன், அதுதான் வினையாகப் போயிற்று. ஆளுக்கு ஒரு கோல். எண்பத்தெட்டாவது நிமிஷம் எதிர் அணியின் அந்த உயரமான பெண் பந்தை வாங்கித் திரும்பி ஒரே உதை, உள்ளே. நான் எழுந்தேன். உயர்த்திய நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது, எழுந்து நின்று கை தட்டினேன். நான்கு தடவை தட்டியிருப்பேன். ஐந்தாவது தட்டுக்கு என் கைச் சத்தம் மட்டும்தான் அந்த இடத்தில் கேட்டது. முப்பது பேரும் டி.வி.யை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எதிரில் சுவர்க் கண்ணாடியில் நானும் என்னைப் பார்த்தேன். அப்போதுதான் கோட்டோரத்தில் கொடி மேலே போயிற்று, ஆஃப்சைடு, கோல் இல்லை. மறுபடி போட்டுக் காட்டினார்கள், கோடு இழுத்துக் காட்டினார்கள், நம் கடைசித் தடுப்பாட்டக்காரியை விட ஒரு முழங்கால் அளவு முன்னால் நின்றிருக்கிறாள். கூடுதல் நேரத்தில் நம் பெண்கள் ஒன்று போட்டு ஜெயித்துவிட்டார்கள். தெருவே ஆடிற்று. நான் சாவியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் நீ ஃபோன் செய்தாய். நீ அழுவாய் என்று நினைத்து என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். 'ஆஃப்சைடுதாம்மா, கொடி தூக்குன பொண்ணு கரெக்டா பாத்திருக்கா, நானா இருந்தாலும் அதான் குடுத்திருப்பேன்'ன்னு சொன்னாய். பிறகு நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டாய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. உனக்குக் கிடைத்திருக்கக்கூடிய இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போன தீர்ப்பைச் சரி என்று சொல்லிவிட்டுப் போய் எங்கே உட்கார்ந்து அழுதாயோ, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க யார் இருந்தார்களோ.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாலைப் பத்திரிகைக்காரர் ஒருவர் சலூன் வாசலில் நின்று என் கடையைக் கையால் காட்டி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கை தட்டியதை யாரோ ஃபோனில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ரெஃப்ரியின் அம்மா எதிரிக்குக் கை தட்டினாள் என்று எழுதினால், மகளும் தன் நாடு தோற்க வேண்டும் என்றுதானே நினைத்திருப்பாள் என்று நாலு பேர் பேசுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் உன்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், ஒரு பக்கம் சாய்ந்தவள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தப் பெயர் என் ஐந்து கைத்தட்டலால் வரக் கூடாது. நிஜத்தைச் சொல்லலாம் என்றால் வாயைத் திறக்காதே என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த ஆள் தெருவைக் கடந்து வருவதற்குள் அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த தடித்த பழுப்பு ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டேன். காட்சிக்கு வைத்தது, பவர் இல்லாத வெறும் கண்ணாடி. ஐயா, எனக்குக் கொஞ்ச நாளாகவே பார்வை சரியில்லை, சட்டை நிறம் குழம்பி நம்ம பொண்ணுங்க போட்ட கோல்னு நினைச்சுக் கை தட்டிட்டேன் என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய சந்தேகமெல்லாம் போய்விட்டது. படம் எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக் கடை அம்மாவுக்கே கண் தெரியவில்லை என்று அன்றைக்கே சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

அதிலிருந்து என் நிலைமையைக் கேள். சலூன்காரர் ஓடி வந்து, 'முன்னாடியே சொல்லியிருந்தா டி.வி. கிட்டயே உக்கார வெச்சிருப்பேனே'ன்னு கண் கலங்கினார். தெருவைக் கடக்கப் போனால் யாராவது வந்து முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தையல்கார அக்கா ஊசி கோக்க வருவதை நிறுத்திவிட்டாள், இந்த வயதில் என்னைச் சிரமப்படுத்தக் கூடாதாம், வேறு எங்கோ கோத்து வாங்குகிறாள். அந்த இரண்டு நிமிஷப் பேச்சும் போயிற்று. கண் பரிசோதிக்க வந்தவர்கள் நான் அந்தப் பழுப்பு ஃபிரேமோடு பலகைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து அப்புறம் வருகிறோம் என்று போய்விடுகிறார்கள். ஒருத்தரும் வராத கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தும்மினால் கூட எதிரொலி கேட்கிறது. அதுகூடப் பரவாயில்லை, நாலு நாளில் மறந்துவிடுவார்கள்.

பரவாயில்லை என்று சொல்ல முடியாதது நீ செய்ததுதான். பத்திரிகைப் படத்தை யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீ ஃபோன் செய்து, எத்தனை நாளாகத் தெரியவில்லை, ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டாய். கடையில் பேக்கரிக்காரர் நின்றுகொண்டிருந்தார், நான் ம் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு ம்மை வைத்துக்கொண்டு நீ முடிவே செய்துவிட்டாய். புது நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான்கு வருஷம், நீ ஆசைப்பட்ட வேலை, வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளில் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பப் போகிறேன் என்றாய், 'வீட்டுக்கே வந்துடறேன், கடைய நான் பாத்துக்கறேன், உன்ன இனிமே தனியா விட மாட்டேன்'ன்னு சொன்னாய்.

கண்ணு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பேக்கரிக்காரர் போனதும் உடனே உன்னைக் கூப்பிட்டு இல்லையடி எல்லாம் நாடகம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. உன் அறை ஜன்னலைத் திறந்து விட்டேன், மெத்தையை மாடியில் காய வைத்தேன், உன் அலமாரியில் நான் போட்டு வைத்திருந்த பழைய ஃபிரேம் பெட்டிகளையெல்லாம் காலி செய்தேன். இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளும் அந்தக் கண்ணாடியைக் கழற்றவில்லை, கழற்றினால் நீ வர மாட்டாய் என்று பயம். காலையில் எழுந்ததும் பேச யாரும் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் வீடும் அப்படித்தான். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனியாக இருந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது.

நான்காம் நாள் காலையில் கடையைத் திறந்தால் தபாலில் புது எண் பலகைகள் வந்திருந்தன, கம்பெனிக்காரர்கள் எண்களை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றை எடுத்து மாட்டினேன். அளந்து ஆறு மீட்டர் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு கண்ணை மூடிப் படித்தேன், மறு கண்ணை மூடிப் படித்தேன். கடைசி வரி வரை தெரிந்தது. புது எண்கள், மனப்பாடம் என்று சொல்ல முடியாது.

ஆகையால் இதை உனக்கு எழுதியே ஆக வேண்டும். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. சட்டை நிறம் குழம்பவும் இல்லை. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதை அந்தப் பத்திரிகைக்காரர் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. கொடி தூக்குவதற்கு முன்னாலேயே, பந்தை அவளுக்குத் தள்ளிவிட்ட அந்த நொடியிலேயே, அந்த உயரமான பெண் முன்னால் நிற்பதை நான் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் உன்னைப் பார்த்துப் பார்த்து அது எனக்கும் வந்துவிட்டது. ஆஃப்சைடு என்று தெரிந்தேதான் எழுந்து கை தட்டினேன். யாரும் பார்க்காமல் போகட்டும், தப்பாகவே கொடுத்துவிடட்டும், என் பெண்ணுக்கு அந்த ஒரு ஆட்டம் கிடைக்கட்டும் என்று தட்டினேன். நீ உன் இறுதி ஆட்டம் கைநழுவிப் போகிறபோது கூட அது சரியான தீர்ப்பு என்று சொன்னவள். உன்னை நான் பொய் சொல்லி வரவழைத்து, அந்தக் கட்டிலில் படுக்க வைத்து, தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்க முடியுமா. முடியும் என்றுதான் மூன்று நாள் நினைத்தேன், அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. கண்ணுக்காக வராதே. அந்தத் தாளில் வேண்டாம் என்று எழுதாதே. என் மேல் கோபம் வந்தால் வரட்டும், ஃபோன் செய்து திட்டு, அப்போதாவது உன் குரல் நிறைய நேரம் கேட்கும். என்றைக்காவது சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று தோன்றினால் அன்றைக்கு வா. மெத்தை காய்ந்துதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு சலூனில் எனக்கு டி.வி.க்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் எனக்குத் தெரியுமாம். போவேன். விசில் வாயில் வைத்திருப்பது யாரோ ஒரு பெண்ணாக இருப்பாள், அவள் முகத்தையும் யாராவது கோபப்பட்டால்தான் காட்டுவார்கள், அவளுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள். நம் பெண்கள் ஜெயித்தால் நான் கை தட்டுவேன், எல்லாரும் தட்டிய பிறகு தட்டுவேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், பெரிய மனசோடு இப்போது இருக்கிற மாதிரியே எப்போதும் இருக்க வேண்டும், உன் அப்பா சார்பிலும் நானே சேர்த்து ஆசீர்வதிக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாடிப்படியில் ஓடி இறங்காதே, தண்ணீர் குடி. இந்தக் கடிதத்தோடு புதுப் பலகை ஒன்றைச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். பழையதை எடுத்துவிட்டு இதை மாட்டு, ஃபோன் செய்யும்போது படித்துக் காட்டு. இந்தத் தடவை மனப்பாடமாக ஒப்பிக்க முடியாது, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், நேரமாகும். ஆகட்டும், மெதுவாகவே படி.

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரிகிற உன் அம்மா